குறட்டையை யார் கேட்பது?

"அவருக்கென்னங்க, தலையச் சாச்சாப் போதும், கொறட்டை விட்டுத் தூங்கிப்போடுவாரு." எங்கள் பக்கம் இது பாராட்டு. கவலையில்லாத மனுசன், உழைத்த உடம்பு, கடன்காரன் தொந்தரவு இல்லை என்று அர்த்தம். தூக்கம் வராமல் புரளுகிறவரைத்தான் ஊர் பாவம் பார்க்கும். குறட்டை விடுகிறவர் கொடுத்து வைத்தவர்.

இதே ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. "ராத்திரி நல்லாத்தான் சாப்புட்டுப் படுத்தாருங்க. வெடியால எழுப்பப் போனா எந்திரிக்கல. நல்ல சாவு." எண்பது வயதில் ஒருவர் அப்படிப் போனால் நல்ல சாவுதான், மறுப்பதற்கில்லை. ஐம்பத்திரண்டு வயதில், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது, தோட்டத்து மேல் பேங்க் கடன் இருக்கும்போது போனால் அது எப்படிங்க நல்ல சாவு?

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் சில வீடுகளில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. படுக்கையில் போகிற எல்லோரும் குறட்டையால் போவதில்லை. குறட்டை விடுகிற எல்லோருக்கும் இதயம் கெடுவதும் இல்லை. ஆனால் ஒரு வகைக் குறட்டை இருக்கிறது. அது ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றுக்கும் சொந்தக்காரன். அதை அடையாளம் காட்டக்கூடியவர் ஒரே ஒருத்தர்தான், பக்கத்தில் படுத்திருப்பவர். அவரிடம் நாம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அது என்ன வகைக் குறட்டை என்று சொல்லிவிடுகிறேன்.

ஆயில் இன்ஜின் வைத்து வாய்க்காலில் இருந்து தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரைத் தள்ளுகிற பக்கம் மெலிசான ஓஸ் போட்டாலும் ஓடும், உள்ளே தண்ணீர் வந்தால் தானாக உப்பிக்கொள்ளும். உறிஞ்சுகிற பக்கம் அப்படிப் போட முடியாது. உள்ளே கம்பிச்சுருள் வைத்த கெட்டி ஓஸ்தான் வேண்டும். மெலிசான ஓஸைப் போட்டால் இன்ஜின் இழுக்கிற இழுப்புக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஒரு சொட்டு வராது.

நம் மூச்சுக்குழாய்க்கு அந்தக் கம்பிச்சுருள் மாதிரி குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. அதற்கு மேலே இருக்கிற தொண்டைக்கு அது கிடையாது. தசைகள்தான் அதை விரித்துப் பிடித்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்ந்துபோகும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரியும். வழி குறுகினால் காற்று வேகமாகப் போகும், சதை அதிரும். அந்தச் சத்தம்தான் குறட்டை. சிலருக்கு இதோடு நிற்பதில்லை. தொண்டை மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கு மேலும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மூளை பதறிப்போய் ஆளை அரைத் தூக்கத்துக்குக் கொண்டுவரும். ஒரு திணறல், ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. இதைத்தான் மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது.

மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் மூச்சு இப்படி நின்றாலோ குறைந்தாலோ அது கணக்கில் வரும். முப்பதைத் தாண்டினால் கடுமையானது. ஏழு மணி நேரம் தூங்குகிறவருக்கு அது இருநூறு தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைச் சுரக்கும். ரத்த அழுத்தம் எகிறும், இதயம் அடித்துக்கொள்ளும். மூடின தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கிற இழுப்பில் இதயத்தின் சுவரே வெளிப்பக்கம் இழுபடும். சாதாரணமாக ராத்திரியில் ரத்த அழுத்தம் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்க வேண்டும். இதயத்துக்குக் கிடைக்கிற ஓய்வு அந்த நேரம்தான். இவர்களுக்கு அது கிடைப்பதில்லை. கிணற்று மோட்டாரை இரண்டு நிமிசத்துக்கு ஒருக்கா நிறுத்தி நிறுத்திப் போட்டால் காயில் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதே கதைதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. இத்தாலிக்கு நடுவில் இருக்கிற சான் மரீனோ என்கிற குட்டி நாட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, தினமும் குறட்டை விடுகிறவர்களிடம் ரத்தக் கொதிப்பு அதிகம் என்று லுகரேசி என்ற மருத்துவரின் குழு 1980-லேயே எழுதிவிட்டது. 2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். இதயக் கோளாறால் திடீரென்று இறந்தவர்களில், முன்பே தூக்கப் பரிசோதனை செய்திருந்த 112 பேரின் இறப்பு நேரத்தை எடுத்தார்கள். பொதுவாக இப்படிப்பட்ட சாவு காலை ஆறு மணியிலிருந்து மதியத்துக்குள்தான் அதிகம் நடக்கும். ஸ்லீப் ஆப்னியா இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நடுராத்திரியிலிருந்து காலை ஆறு மணிக்குள் போயிருந்தார்கள். அந்தக் கோளாறு இல்லாதவர்களில் அது 21 சதவீதம். "வெடியால எழுப்பப் போனா எந்திரிக்கல" என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் பெயரைச் சொல்கிறேன். டிஸ்கோ பாட்டுகளால் இந்தியாவையே ஆட வைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி ராத்திரி மும்பையில் இறந்தார். வயது 69. ஒரு மாதம் போல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனவர். ஏற்கெனவே பல உடல்நலக் கோளாறுகள் இருந்தவர்தான். ஆனால் இறப்புக்குக் காரணம் என்று மருத்துவர் சொன்னது இந்த ஸ்லீப் ஆப்னியாவை. அன்றைக்குத்தான் நிறையப் பேர் அந்தப் பெயரையே முதல்முறை கேள்விப்பட்டார்கள். இரண்டு நாள் பேசினோம், அப்புறம் மறந்துவிட்டோம்.

2023-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியாவில் நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, ஏறக்குறைய 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம். ரத்தக் கொதிப்பு, இதயநோய் இருப்பவர்களிடம் மட்டும் பார்த்தால் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று அமெரிக்க இதய சங்கம் 2021-ல் சொன்னது. அதாவது பிபி மாத்திரை சாப்பிடுகிற ஐந்து பேரில் குறைந்தது இரண்டு பேர். நம் ஊரில் பிபி மாத்திரை இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாக் குறட்டையும் இதில் சேராது என்று சொன்னேன் அல்லவா. ஸ்பெயினில் ஆண்களைப் பத்து வருடம் போல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2005-ல் வந்தது. மூச்சு நிற்காமல் வெறும் குறட்டை மட்டும் விட்டவர்களுக்கு இதயநோய் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை. கடுமையாக மூச்சு நின்று, வைத்தியமும் பார்க்காமல் விட்டவர்களுக்குத்தான் கூடியது. எனவே கவனிக்க வேண்டியது சத்தத்தை விட, சத்தத்துக்கு நடுவில் வருகிற அமைதியை. விட்டு விட்டு வருகிற அந்த அமைதிதான் பயப்பட வேண்டியது.

அந்த அமைதியை யார் கேட்பது? இங்கேதான் எனக்கு ஆதங்கம்.

எங்கள் அப்பாரு காலத்தில் வெயில் மாதங்களில் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஆம்பளைகள் வரிசையாகப் படுப்பார்கள். யார் எப்படிக் குறட்டை விடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது, ஆனால் காது இருந்தது. இப்போது நோயின் பெயர் தெரியும், காதுதான் இல்லை. ரூமுக்கு ரூம் கதவு, ஏசி சத்தம். குறட்டை தாங்காமல் வீட்டுக்காரம்மா அடுத்த ரூமுக்குப் போய்விடுகிறார். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். தோட்டத்து வீட்டில் வயதானவர் ஒருத்தராகப் படுத்திருந்தால் அவர் மூச்சு நின்றதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

பொம்பளைகள் நிலைமை இன்னும் மோசம். ஆம்பளை குறட்டை விட்டால் சிரித்துவிட்டுப் போகிறோம். பொண்ணுக்குக் குறட்டை என்றால் அது வெளியே சொல்லக்கூடாத விசயம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த ஆபத்து கூடிவிடுகிறது. ஆனால் அவர்களுக்கு இது பெரும்பாலும் அசதி, தலைவலி, தூக்கம் வராதது என்று வேறு முகத்தோடு வரும். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாமும் விட்டுவிடுவோம். அவர்கள் மூச்சைக் கேட்க வேண்டிய புருசன் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

கேட்பது என்ற நம் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். காதால் கேட்பது ஒன்று, வாயால் கேட்பது இன்னொன்று. இரண்டாவதும் நடப்பதில்லை.

எங்கள் ஊரில் மாமன் முறையில் ஒருவர். மூன்று வகை பிபி மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்கவே இல்லை. உப்பைக் குறை, ஊறுகாயை நிறுத்து என்று எல்லோரும் அவரைத்தான் குறை சொன்னோம். கடைசியாகப் பார்த்த டாக்டர் ஒருவர் "தூக்கம் எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார். "அருமையாத் தூங்கறனுங்க" என்றிருக்கிறார் மாமன். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை, "அவரு தூங்கறாருங்க, நாந்தான் தூங்கறதில்லீங்க. நடுவால மூச்சு நின்னுபோகுது. போயிட்டாரோன்னு தட்டித் தட்டி எழுப்பறனுங்க" என்றார். அத்தனை வருசமாக அத்தையிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்வார்களா என்று நினைத்திருக்கிறார். ஒரு ராத்திரி பரிசோதனையில் உண்மை தெரிந்தது. மாத்திரையை நிறுத்திவிடவில்லை. ஆனால் பிபி கட்டுக்குள் வந்தது, டிராக்டர் மேல் உட்கார்ந்து தூங்கி வழிவதும் நின்றது.

நம் அரசாங்கம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். இதை மனதார எழுதுகிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்து வந்த தன்னார்வலர் ஒரு பெண் வீட்டு வாசலுக்கே வந்து பிபி பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்பு வந்தவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்தார்கள். இவ்வளவும் செய்த நாம் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்தால் என்ன? "இவரு கொறட்டை விடுவாருங்களா? நடுவால மூச்சு நிக்குதுங்களா?" இதற்கு மெஷின் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, கேள்வியை அவரிடம் கேட்கக்கூடாது, வீட்டில் இருக்கிறவரிடம் கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு வாசலில் வந்து நிற்கிற அந்தப் பெண்ணை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. வீட்டுப் பொம்பளைகள் டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்வார்கள்.

டொராண்டோவில் ஒரு மயக்க மருத்துவர் குழு 2008-ல் எட்டே கேள்வியில் ஒரு பட்டியல் போட்டது. சத்தமாகக் குறட்டை வருகிறதா, பகலில் அசதியா, மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, ரத்தக் கொதிப்பு உண்டா, உடல் பருமன் அதிகமா, வயது ஐம்பதைத் தாண்டியாச்சா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ஆமாம் என்றால் சந்தேகப்பட வேண்டும். ஐந்துக்கு மேல் என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கழுத்து அளவு தெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், டெய்லர் கடை டேப் போதும். "நான் ஒல்லிங்க, எனக்கு வராது" என்றும் இருக்க வேண்டாம். தாடை அமைப்பு சின்னதாக இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

பகல் தூக்கத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுகிறவர்கள், திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்கள், விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பிழைக்கிற ஊர் இது. அசதியை எல்லாம் வேலை மேல் போட்டுவிடுகிறோம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் ஒருவர் ஸ்டியரிங்கில் தூங்குகிறார் என்றால், அந்த எட்டு மணி நேரமும் அவர் தூங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

சரி, கண்டுபிடித்தால் என்ன செய்வது? கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிகளில் தூக்கப் பரிசோதனை செய்கிறார்கள், வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கிற கருவியும் வந்துவிட்டது. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்கலாம். லேசாக இருந்தால் ஒருக்களித்துப் படுப்பது, எடையைக் குறைப்பது, ராத்திரி குவார்ட்டரை நிறுத்துவது நல்ல பலன் கொடுக்கும். சாராயம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். தூக்க மாத்திரையும் சிலருக்கு அப்படித்தான், அதனால் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. எடை பத்து சதவீதம் குறைந்தால் மூச்சு நிற்பது கால் பங்குக்கு மேல் குறையும் என்று விஸ்கான்சினில் பல வருடம் பார்த்த ஆய்வு சொல்கிறது.

கடுமையாக இருந்தால் சிபாப் என்கிற மெஷின். மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால் காற்றை மெதுவாகத் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-ல் இதைக் கொண்டுவந்தபோது வாக்வம் கிளீனர் மோட்டாரைத்தான் உபயோகித்தார். உறிஞ்சுகிற ஓஸ் ஒட்டிக்கொண்டால் இந்தப் பக்கம் இருந்து தள்ளு என்கிற நம்ம ஊர் மெக்கானிக் மூளைதான் அது. விலை ஒரு கறவை மாட்டு விலை வரும். எல்லோராலும் முடியாது என்று எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்த மெஷின் மாட்டினால் மாரடைப்பே வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஏற்கெனவே இதயநோய், பக்கவாதம் வந்த 2,700 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. மெஷின் மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் மறுபடி மாரடைப்பு வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. அந்த ஆய்வில் ஒரு ராத்திரிக்குச் சராசரியாக மூன்று மணி நேரம் சொச்சம்தான் மெஷினை மாட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: இதயம் கெட்ட பிறகு மெஷினைத் தேடுவதை விட, கெடுவதற்கு முன்பே குறட்டையைக் கவனிப்பது புத்திசாலித்தனம். பிபி, சர்க்கரை, எடை, பீடி, சாராயம் இதெல்லாம் குறட்டையோடு ஒரே கட்டில் கட்டினவை. ஒன்றைப் பிடித்தால் மற்றதும் கையில் சிக்கும்.

அதனால் டவுனில் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த நோம்பிக்கு ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஸ்வெட்டரும் அம்மாவுக்குச் சேலையும் எடுத்து வருவீர்கள், நல்லது. ஒரு ராத்திரி போனை அணைத்துவிட்டு அவர்கள் படுக்கிற ரூமுக்குப் பக்கத்திலேயே பாயை விரியுங்கள். அரை மணி நேரம் சும்மா காதைக் கொடுங்கள். சத்தம் நின்று, எண்ணினால் பத்து வரை போகிறது, பிறகு திணறலோடு மூச்சு வருகிறது என்றால் செல்போனில் அதைப் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். ஊருக்கு வர முடியாதவர்கள் இன்றைக்கே போனைப் போட்டு அம்மாவிடம் அப்பாவைப் பற்றியும், அப்பாவிடம் அம்மாவைப் பற்றியும் கேளுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்ற கேள்விக்குப் பிறகு, "ராத்திரி அவங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று இன்னும் ஒரே ஒரு கேள்வி.